ஆறு ஏறிக்கொண்டே இருக்கிறது: மாடிக்குப் போவதா, வீட்டை விட்டே கிளம்புவதா?

கரையோர வீடு (காலை 7.10)

வணக்கம். எங்கள் வீடு ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு தெருவின் கடைசியில் இருக்கிறது. மேல்பகுதியில் மூன்று நாள்களாக விடாமல் பெய்யும் மழையால் ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. நேற்று மாலை வரை மணிக்கு மூன்று சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஏறிய தண்ணீர், நள்ளிரவுக்குப் பிறகு மணிக்கு ஆறேழு சென்டிமீட்டர் ஏறுகிறது. பாலத்துத் தூணில் வரைந்திருக்கும் அளவின்படி இன்று காலை 7 மணிக்கு 7.40 மீட்டர். அபாய அளவு 8 மீட்டர். நாளை காலை 9.10 மீட்டரைத் தொடக்கூடும் என்று அறிவித்திருக்கிறார்கள். தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு வண்டி எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பியது. எங்கள் வீடு அந்தத் தாழ்வான பகுதியில் சேருமா என்று கேட்டேன். வண்டியில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

வீடு தரைத்தளமும் மாடியுமாக உறுதியாகக் கட்டப்பட்டது. வாசலுக்கு ஐந்து படி ஏற வேண்டும். வீட்டில் அப்பா, என் மனைவி, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், நான். அப்பாவுக்கு 78 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததில் வலப்பக்கம் வலுவிழந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடப்பார், ஆனால் படி ஏற ஒருவர் தாங்க வேண்டும். அவர் வீட்டை விட்டு வர மறுக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த பெருவெள்ளத்திலேயே தண்ணீர் மூன்றாம் படியோடு நின்றது, வாசலைத் தொடவில்லை, மிஞ்சிப் போனால் மாடிக்குப் போய்விடலாம் என்பது அவருடைய வாதம். அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் படியில் தண்ணீர் நின்ற கோட்டை அவர் ஆணியால் கீறி வைத்திருக்கிறார், இப்போதும் கை வைத்தால் தட்டுப்படும்.

தெருவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். தெருவின் நடுவே ஒரு வடிகால் ஓடை குறுக்கே போகிறது. அதன்மேல் இருக்கும் சிறுபாலத்தைத் தாண்டித்தான் நாங்கள் வெளியே போக முடியும். அந்த ஓடையில் தண்ணீர் ஆற்றை நோக்கிப் போகாமல் இப்போது தேங்கி நிற்கிறது.

நான் கேட்க விரும்புவது இவைதான். 9.10 மீட்டர் என்றால் என் வாசலுக்கு அது என்ன? மாடியில் இருப்பது போதுமா? போவதென்றால் எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும்? அப்பாவிடம் எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

நீரளவர் (காலை 7.55)

நண்பரே, ஆறுகளின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முதல் கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் விடை தரும் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பாலத்துத் தூணில் இருக்கும் 9.10 என்ற எண், யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த ஒரு பூஜ்யப் புள்ளியிலிருந்து எண்ணப்படுவது. அது கடல்மட்டமும் அன்று, ஆற்றின் ஆழமும் அன்று, உங்கள் வாசலைப் பற்றி எதுவும் சொல்வதும் அன்று. அந்த எண்ணை உங்கள் வாசற்படிக்குப் பெயர்த்துக்கொண்டால்தான் அறிவிப்பு உங்களுக்குப் பொருள்படும். இதை இன்று முற்பகலிலேயே நீங்கள் செய்துவிட முடியும். வடிகால் ஓடையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றீர்கள். ஆறு எதிர்த்து ஏறி உள்ளே வந்திருக்கிறது என்பதே அதன் பொருள், ஆகவே அந்த ஓடையின் நீர்மட்டமே உங்கள் இடத்தில் ஆற்றின் நீர்மட்டம். ஆற்றங்கரைக்கு யாரும் போக வேண்டாம், கரை அடியில் அரித்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போன்ற டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஓடையின் நீர்மட்டத்திலிருந்து சிறுபாலத்தின் மேல்தளம் எவ்வளவு உயரம், அங்கிருந்து வாசல் எவ்வளவு உயரம் என்று படிப்படியாக மட்டத்தைக் கொண்டுபோங்கள்; குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதே நேரத்தில் இன்னொருவர் பாலத்து அளவைப் படித்துச் சொல்லட்டும். அதன்பின் பாலத்தில் எந்த எண் வந்தால் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

அடுத்து, 9.10 என்பதை உச்சவரம்பாக நினைத்துவிடாதீர்கள். 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தில் ரெட் ஆறு 49 அடி வரை ஏறும் என்று பல வாரங்களாக அறிவித்துவந்தார்கள். மக்கள் அந்த எண்ணைச் சுவர்போல நம்பி, அதற்கு மேல் சிறிது உயரம் சேர்த்துக் கரைகளையும் மணல் மூட்டைகளையும் உயர்த்தினார்கள். ஆறு 54.35 அடிக்கு ஏறியது. ஐந்து அடிக்கு மேல் வேறுபாடு. கிட்டத்தட்ட நகரம் முழுவதையும் காலிசெய்ய வேண்டியதாயிற்று. கணித்தவர்கள் அறியாதவர்கள் என்று இதற்குப் பொருள் அன்று. வெள்ளத்தில் ஓட்டத்தை நேரடியாக அளப்பது அரிது. இன்ன மட்டத்துக்கு இன்ன ஓட்டம் என்று முன்பு அளந்து வைத்த உறவைக் கொண்டே கணக்கிடுகிறோம். இதுவரை காணாத அளவுக்கு ஆறு ஏறும்போது அந்தக் கோட்டை அனுபவத்தால் நீட்டி வரைகிறோம். நீட்டிய கோடு எங்கே பிழைக்கும் என்பது தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் தந்தையார் கீறி வைத்த கோடு மிக மதிப்புள்ள சான்று. என் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட கோடுகளைத் தேடி வீடுவீடாக அலைந்திருக்கிறேன். ஆனால் அது அன்றைய ஆற்றின் கோடு. ஆற்றுப்படுகையில் மண் மேடிட்டாலும், எதிர்க்கரையை உயர்த்தினாலும், வெள்ளம் பரவிக் கிடந்த வயல்களில் மனைகள் எழும்பினாலும், பாலத்துக்குப் புதிய தூண்கள் வைத்தாலும், அன்று மூன்றாம் படியில் நின்ற அதே அளவு தண்ணீர் இன்று நிற்க இடமில்லாமல் மேலே வரும். ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 1804, 1910 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளங்கள் வந்ததுண்டு. ஆனால் 2021 ஜூலையில் மக்கள் மனத்தில் இருந்தது, ஆல்ட்டெனார் என்னும் இடத்தில் 3.71 மீட்டர் தொட்ட 2016 வெள்ளம்தான். அதற்கு மேல் எவ்வளவு வரும் என்று பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவில்லை. 2021 வெள்ளம் வந்த இரவில் அங்கிருந்த அளவுமானியையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மேலே அணை இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1974 வெள்ளத்துக்குப் பிறகு வைவன்ஹோ அணை கட்டியதும், இனி வெள்ளம் வராது என்ற எண்ணம் பரவி, தாழ்நிலத்தில் வீடுகள் பெருகின. 2011 ஜனவரியில் ஆறு நகரத்துக்குள் 4.46 மீட்டர் ஏறியது. அணை அந்த உச்சத்தைக் குறைக்கத்தான் செய்தது, தடுக்கவில்லை. அணைக்கு வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்ற செய்தியைக் கேட்கும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். வரத்து மிகுந்து, வெளியேற்றம் குறைந்து, அணையும் நிரம்பும் நிலையில் இருந்தால் அந்த இடைவெளி நெடுநேரம் நீடிக்காது. உங்களுக்கு வரும் தண்ணீர் கூடப் போகிறது.

உங்கள் தலைக்கு மேல் மழை நிற்பதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மேல்பகுதியில் பெய்த மழை உங்களிடம் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகுமோ, வானம் வெளுத்த பிறகும் அத்தனை மணி நேரம் ஆறு ஏறும். அளந்தவுடன் எண்களை இங்கே இடுங்கள்.

மாடியில் இரண்டு இரவு (காலை 8.40)

ஐயா, நாங்கள் மாடிக்குப் போவதையே தேர்ந்தெடுத்தோம். பிழைத்துக்கொண்டோம். ஆனாலும் மறுபடி அதைச் செய்ய மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று எண்ணி நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது குளியலறைத் தரையின் சல்லடை வழியாக வந்தது. இரவு பதினொரு மணிக்கு உள்ளே குபுகுபு என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால், சல்லடை மூடி தானாகத் தூக்கித் தூக்கி விழுகிறது, அதன் ஓரத்தில் கறுப்பு நீர் கசிகிறது. வாசல் முதற்படி அப்போதும் காய்ந்துதான் இருந்தது. பிறகுதான் அறிந்துகொண்டேன், 1910-இல் பாரிசில் சேன் ஆறு 8.62 மீட்டர் ஏறியபோது கரையைத் தாண்டி வந்த தண்ணீரைவிடச் சாக்கடைக் குழாய்களும் சுரங்கப்பாதைகளும் வழியாக மேலே வந்த தண்ணீரே நகரத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்ததாம். குளியலறையின் சல்லடைமேல் மணல் நிரப்பிய பையை வைத்து அழுத்துவதும், கழிவறைத் துளையைத் துணிச் சுருளால் அடைத்து அதன்மேல் பாரம் வைப்பதும் சிறிது நேரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

தரைத்தளத்தில் இடுப்பளவு வந்ததும் குளிர்சாதனப் பெட்டி மிதந்து, சாய்ந்து, சமையலறைக் கதவை உட்பக்கமாக அடைத்துக்கொண்டது. குடிநீரும் மெழுகுவத்தியும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன. எரிவாயு உருளை எங்கோ சுவரில் மோதிக்கொண்டே இருந்த சத்தத்தை இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தோம். மின்சாரம் இல்லை, மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் மறுநாள் மாலையில் தீர்ந்துவிட்டது. கைப்பேசியை அணைத்து அணைத்து வைத்துச் சிக்கனமாகப் பயன்படுத்தியும், கோபுரமே செயலிழந்த பிறகு அதனால் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று.

மீட்க வந்த படகு எங்கள் வீட்டை நெருங்க முடியவில்லை. சுற்றுச்சுவர்களின் முனைகள் தண்ணீருக்குள் ஒரு கையளவு ஆழத்தில் மறைந்து நின்றன. சுவரில் பதித்த கண்ணாடித் துண்டுகள் படகைக் கிழித்துவிடும் என்று அவர்கள் தயங்கினார்கள். மாடிச் சன்னல்கள் எல்லாவற்றிலும் இரும்புக் கம்பி போட்டிருந்தோம், திருடன் வராமலிருப்பதற்காக. அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஐம்பது மீட்டர் தொலைவில் இருந்தவர்களிடம் என் மாமியாரின் சர்க்கரை நோய் மருந்தைப் பற்றிக் கத்தினேன். மூன்றாம் நாள் காலையில்தான் மொட்டைமாடி வழியாக எங்களை இறக்கினார்கள். மாமியார் அதற்குள் நினைவு தப்பியிருந்தார். ஒரு மாதம் கழித்துத் தேறினார்.

வீடு இடியவில்லை. இடியும் என்று எண்ணித்தான் பலர் கிளம்புகிறார்கள், இடியாது என்று எண்ணித்தான் பலர் தங்குகிறார்கள். எங்களுக்கு நேர்ந்த துன்பத்துக்கும் சுவரின் உறுதிக்கும் சம்பந்தமே இல்லை.

பூட்டிய வீடு (காலை 9.05)

எல்லாரும் கிளம்பச் சொல்வது எளிது. நாங்கள் ஒருமுறை கிளம்பிப் போய், தண்ணீர் வாசலைக்கூடத் தொடாமல் வடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. வாழ்நாள் உழைப்பை அப்படியே விட்டுப் போகச் சொல்லும்போது அந்த அச்சத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். உறுதியான மாடி வீட்டில், தேவையான பொருள்களை மேலே ஏற்றிக்கொண்டு தங்குவது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து.

நீரளவர் (காலை 9.30)

உங்கள் அச்சம் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. உறுதியான மாடி, தண்ணீர் மெல்ல ஏறிப் பரவி நிற்கும் சமவெளி, கரை உடைப்புக்கு அருகில் இல்லாத இடம், நாலைந்து நாளுக்குக் குடிநீர், மொட்டைமாடிக்கு உள்ளிருந்தே வழி, நடமாட முடியாதவரோ சிறு குழந்தையோ இல்லாத குடும்பம்: இத்தனையும் ஒருங்கே அமைந்தால் தங்குவதைப் பற்றிப் பேசலாம். கேள்வி கேட்டவரின் வீட்டில் இவற்றில் கடைசி நிபந்தனை இல்லை. வேகமாக ஓடும் நீர் என்றால் மற்றவையும் பயன்படா. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிடலாம் என்று வாசலைப் பலகையாலும் மூட்டைகளாலும் அடைப்பவர்கள், வெளியே முக்கால் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. உள்ளே வெறுமையும் வெளியே நீரும் இருந்தால் சுவர்தான் அந்த வேறுபாட்டைத் தாங்குகிறது. உள்ளே விட்டுவிட்டால் தரை பாழாகும், சுவர் நிற்கும்.

இரவுப்பணி செவிலி (காலை 10.20)

உங்கள் அப்பாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தின் நேரத்தை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். ஓடக்கூடியவர் கடைசியாகக் கிளம்பலாம். தாங்கிப் பிடிக்க வேண்டியவர் முதலில் கிளம்ப வேண்டும். மேலே குறிப்பிடப்பட்ட 2021 வெள்ளத்தில் ஜிஞ்சிக் என்னும் ஊரில் மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தின் தரைத்தளத்தில் பன்னிரண்டு பேர் ஒரே இரவில் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் மாடி இருந்தது.

பக்கவாதம் வந்தவரை இருட்டில், மின்சாரம் இல்லாமல், ஈரப் படிகளில் தூக்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பகலில் கிளம்புங்கள். கைப்பிடி இல்லாத, முதுகு நிமிர்ந்த, கால்கள் ஆடாத ஒரு நாற்காலியை இப்போதே தேர்ந்தெடுத்து, இரண்டு பேர் அவரை அதில் உட்காரவைத்து ஐந்து படியும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். முகம் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், வலுவிழந்த கையை மடியில் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது கதவு நிலையில் அடிபடும், அவருக்கு வலி தெரியாமலும் போகலாம். இந்த ஒத்திகை அவருக்கும் நல்லது. திடீரென்று தன்னைத் தூக்கினால் எந்த மனிதரும் அவமானமாகத்தான் உணர்வார்.

மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச் சீட்டோடு, குறைந்தது இரண்டு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து அவர் உட்கொண்டால் அதன் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையிலேயே வையுங்கள். நீங்கள் பிரிந்துபோனாலும் அந்தத் தாள் அவரோடு இருக்கும். விழுங்குவதில் சிரமம் இருந்தால் அதையும் எழுதுங்கள், முகாமில் அன்போடு கொடுக்கும் ஒரு வாய்த் தண்ணீரே புரையேறச் செய்துவிடும். உலர்ந்த உடையும் போர்வையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். நனைந்த முதியவர் வெப்பமான நாட்டிலும் குளிர்ந்துபோவார்.

சாலையில் தண்ணீர் வந்த பிறகு கிளம்ப நேர்ந்தால் வண்டியை நம்ப வேண்டாம். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த மனிதரின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கும். 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகளை அது இழுத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்கக் கணக்குகளின்படி வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வண்டியை வெள்ளத்துக்குள் ஓட்டியவர்கள். தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது.

அவரிடம் பேசும் விதம் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய நினைவோடு சண்டை போடாதீர்கள். அவர் அந்த வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர். நீங்கள் அறிவிப்பைக் காதால் கேட்டவர். அளக்கும் வேலையில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தால் கிளம்பலாம் என்று அவரே ஓர் அடையாளம் சொல்லட்டும்.

கரையோர வீடு (பகல் 1.05)

நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தோம், அதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பவரிடம் டியூப் வாங்கினோம். பாலத்து அளவைப் படிக்க ஒரு பையனை அனுப்பி, சரியாக 12 மணிக்குப் பார்க்கச் சொன்னோம்: 7.75 மீட்டர். அதே நேரத்தில் ஓடையின் நீர்மட்டத்திலிருந்து சிறுபாலத்தின் மேல்தளம் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. சிறுபாலத்திலிருந்து எங்கள் வீடு அறுபது மீட்டர். நாலைந்து முறை குழாயை நகர்த்தி மட்டத்தைக் கொண்டுவந்தோம். வாசலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இடக்கையால் குழாயின் முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கி ஆடி அடங்கும் வரை கையை அசைக்கவில்லை. வாசல், சிறுபாலத்தைவிட 85 சென்டிமீட்டர் உயரம்.

ஆக, பாலத்தில் 8.50 வந்தால் எங்கள் வழி அடைபடும். 9.35 வந்தால்தான் வாசலுக்குத் தண்ணீர் வரும். அறிவித்த 9.10 சரியாகவே இருந்தால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராது, அப்பா சொன்னது சரிதான். ஆனால் வாசலுக்கும் அறிவிப்புக்கும் இடையில் இருப்பது 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சிறிது மேல். கிராண்ட் ஃபோர்க்சில் தவறியது ஐந்து அடி என்றால் இந்த ஒரு சாணை நம்பி என்ன செய்ய முடியும்?

அப்பாவின் மனத்தை மாற்றியது இந்த 25 சென்டிமீட்டர் அன்று. அவர் கீறிய கோட்டிலிருந்து சிறுபாலம் எவ்வளவு தாழ்வு என்று அவரே கேட்டார். அளந்தோம். மூன்றாம் படிக் கோட்டுக்கு 51 சென்டிமீட்டர் கீழே இருந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாம், அன்று பாலத்தில் தொடை வரைக்கும் தண்ணீர், நான்கு நாள் அப்படியே நின்றது" என்றார். நான்கு நாளும் வெளியே போக வேண்டியிருந்ததா என்று கேட்டேன். இரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்ததாம். என்னைத் தோளில் உட்காரவைத்து, கம்பு ஊன்றி அந்தப் பாலத்தைக் கடந்து போயிருக்கிறார். அப்போது எனக்கு நான்கு வயது, அவருக்கு முப்பத்தெட்டு. இதை அவர் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. வாசல் நனையவில்லை என்பதை மட்டுமே சொல்லி வந்திருக்கிறார்.

நாற்காலி ஒத்திகையையும் முடித்துவிட்டோம். நான்கு மணிக்குக் கிளம்பி, மேட்டுப்பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். ஓடையில் சிறுபாலத்துக்கு இரண்டு செங்கல் நீளம் கீழே அப்பா ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறார். அதுவரை வந்தால் தெருவில் மீதம் இருப்பவர்களும் கிளம்ப வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவரே சொன்னார். நான் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். பூட்டிய வீடு நண்பர் சொன்ன கவலைக்காக, தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஆவணங்களையும் நகைகளையும் உடன் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மாடியில் வைத்து, ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

நீரளவர் (பகல் 1.20)

காலையிலிருந்து ஐந்து மணி நேரத்தில் 35 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, அதாவது மணிக்கு 7. இதே வேகம் நீடித்தால் சிறுபாலம் இரவு பத்தே முக்கால் வாக்கில் மூழ்கும். வேகம் கூடிக்கொண்டே வந்திருப்பதால் அதற்கு முன்பே மூழ்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அது இருட்டிய பிறகுதான் நிகழும், யாரும் கண்ணால் பார்க்க முடியாத நேரத்தில். நான்கு மணி சரியான முடிவு. மூன்றரை என்றால் இன்னும் நல்லது. தெருவில் மீதம் இருப்பவர்களுக்கு இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மாடியில் இரண்டு இரவு (பகல் 1.45)

கிளம்பும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் இணைப்பையும் தனியே கழற்றுங்கள், மெயினை அணைத்தாலும் அது மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். எரிவாயு உருளையின் வால்வை மூடி, மாடிக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் தூணோடு கட்டுங்கள். வெளிக்கதவைத் திறந்து கொக்கியில் மாட்டிவிட்டால் தண்ணீர் அதை அடித்து உடைக்காது. பொட்டாஷ், பூச்சிமருந்து, பெயிண்ட் போன்றவற்றை மேலே வையுங்கள்.

திரும்பி வரும்போது அவசரப்படாதீர்கள். தண்ணீர் வடிந்த வீட்டில் முதலில் மின்பணியாளர் பார்க்கட்டும். நிலத்தடி அறையோ ஆழமான கிடங்கோ இருந்தால் அதில் நிற்கும் தண்ணீரை ஒரே நாளில் இறைக்க வேண்டாம். வெளியே மண் இன்னும் ஊறியிருக்கும், உள்ளே வெறுமையானதும் சுவர் உட்பக்கம் சாய்ந்துவிடும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். அலமாரியின் அடியில் கையை விடும் முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்புகளும் உங்களைப் போலவே மேட்டைத் தேடி வந்திருக்கும்.

இரவுப்பணி செவிலி (பகல் 2.10)

சேற்றைக் கழுவுபவர்கள் காலுறையோடு உயரமான ரப்பர் காலணி அணியுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே நுழையும். வெள்ளத்துக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விடாமல், வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குடிநீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும்.

கரையோர வீடு (இரவு 11.30)

மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். அப்பாவை நாற்காலியில் இறக்கியபோது சிரமம் இல்லை; சிறுபாலத்தைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, கோட்டுக்கும் தண்ணீருக்கும் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று என்னை இறங்கிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான்கு விரல் இருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். தெருவில் இப்போது யாரும் இல்லை.

தெருமுனையில் நின்று பார்த்தவர் ஒருவர், சிறுபாலம் 9 மணி 40 நிமிடத்துக்கு மூழ்கியது என்று தகவல் அனுப்பினார். வீடு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். அப்பா இன்னும் விழித்திருக்கிறார்; பாலத்தில் இப்போது எத்தனை மீட்டர் என்று அரைமணிக்கு ஒருமுறை கேட்கிறார். கடைசியாகக் கிடைத்த அளவு 8.66.